மூத்த மெஷினின் மச்சம்

19-1, ஞாயிறு

டோனர் பவுடர் போடுகிறவர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. வருஷா வருஷம் கொடுப்பார், நான் அதில் பால் கணக்கு எழுதுவேன். இந்த வருஷம் பால் கணக்கு காலண்டரிலேயே இருக்கட்டும். இது ஒரு போட்டிக்காக எழுதுவது.

யார் கையில் கிடைத்தாலும் விளங்கட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன். என் பெயர் தெய்வாத்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தாராபுரத்தில் பத்திர ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் போன பிறகு அவர் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த அதே அறையில் ஆரம்பித்தேன். அப்போது வாங்கிய பெரிய மெஷின்தான் இன்றைக்கும் ஓடுகிறது. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பேத்திக்கு அது பெருமை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், எங்கள் அப்பத்தா மெஷின் ஓட்டுகிறார் என்று.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது என் மகன் செந்தூரன் பேச்சை எடுத்தான்.

"ஏம்மா, அந்த மெஷினு கெழடாயிருச்சு. கரண்டும் திங்குது, பவுடரும் திங்குது. புதுசு ஒண்ணு எறக்கிக் கோகிலா பாத்துக்கட்டும். நீங்க ஊட்ல சித்த காலை நீட்டி உக்காருங்க."

"காலை நீட்டறதுக்கு நான் என்ன மொடமா?"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசம் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடட்டும். எது வேகம், எது சுத்தம், ஒரு காப்பிக்கு எதுல எவ்வளவு ஆகுதுன்னு நீங்களே எழுதுங்க. தீர்ப்பும் நீங்களே சொல்லுங்க. பழசு செயிச்சா இனி நான் வாயைத் தெறக்க மாட்டேன். புதுசு செயிச்சா நீங்க சாவியைக் குடுத்தரோணும்."

சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் சரிதான், அது ஊருக்கே தெரியும். எம்.காம். படித்தவன், ஒரு கம்பெனிக்கே கணக்குப் பார்க்கிறவன், தீர்ப்பை என் கையெழுத்தை நம்பி விட்டிருக்கிறான். எத்தனை பேருக்கு அப்படிப் பிள்ளை வாய்க்கும்?

மருமகள் கோகிலா அந்நேரம் ரசத்தை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். கவனம் கிடையாது.

நேற்றே மெக்கானிக் சேமலை வந்து என் மெஷினை முழு சர்வீஸ் செய்துவிட்டுப் போனான். உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து மாட்டினான். செலவு செந்தூரனுடையது. போட்டி என்றால் இரண்டும் சரிசமமாக இறங்க வேண்டுமாம். பேச்சே இன்றைக்குத்தான் வந்தது, சர்வீஸ் நேற்றே முடிந்துவிட்டது. முன்யோசனையில் அப்படியே அவன் அப்பாதான்.

20-1, திங்கள்

புதுசு வந்து இறங்கியது. சாமான் பார்க்கச் சின்னதுதான், வெள்ளைக் கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பழசை மூத்தது என்றும் புதுசை இளையது என்றும் எழுதுகிறேன், அடிக்கடி நீட்டி எழுத முடியாது.

இரண்டுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். செந்தூரன் ஆபீசுக்குப் போகிற வழியில் வந்தான். பையில் மஞ்சள் தடவிய நூல் கொண்டுவந்திருந்தான். எழுத்தைத் தாளில் பதிக்கிற ட்ரம் என்ற உருளை இருக்கிற உள் கதவுக்குக் குறுக்கே, இரண்டு மெஷினிலும், தன் கையால் கட்டினான்.

"மங்களத்துக்கு மங்களமும் ஆச்சு, சீலு வச்ச மாதிரியும் ஆச்சு. மாசம் முடியற வரைக்கும் ஆரும் உள்ள கை வைக்கப்படாது. தாளு சிக்கினா வெளிக் கதவு போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷினுக்கு மஞ்சள் நூல் கட்ட வேண்டும் என்று இந்தக் காலத்தில் எந்தப் பையனுக்குத் தோன்றும்?

21-1, செவ்வாய்

மூத்தது: ஸ்விட்ச் போட்டால் பால் காயும் நேரம் ஆகும் சூடேற. பிறகு ஓட ஆரம்பித்தால் நிற்காது. சத்தம் பெரிசு. அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை தாள் போயிற்று என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வேன்.

இளையது: உட்கார்ந்து புடவையைச் சரிசெய்வதற்குள் தயார். சத்தமே இல்லை. ஆதார் கார்டு இரண்டு பக்கமும் ஒரே தாளில் வர ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். மூத்ததில் கார்டைத் திருப்பித் தாளையும் திருப்பி நான் போடுகிற வேலை அது. பட்டன் நல்ல பட்டன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை இன்றைக்குத்தான் கவனித்தேன். மூத்ததின் மச்சம் போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன் சேமலை மாலை போட்டு மலைக்குப் போயிருந்த சமயம் புது ட்ரம் மாட்ட வேண்டிவந்தது. நயமான ட்ரம், சென்னையிலிருந்து வரவழைத்தது. செந்தூரன்தான் மாட்டினான். மாட்டும்போது அவன் கல்யாண மோதிரம் உரசி, கடுகளவு ஒரு கீறல். அன்றிலிருந்து காப்பியில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். பத்திரத் தாளில் வலது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே. ஒரு தாளில் மேலே இருக்கும், அடுத்ததில் சற்று இறங்கியிருக்கும். அந்தக் கோட்டை விட்டு மட்டும் நகராது. ட்ரம் உருளுவதால் அப்படி. செந்தூரன் அன்றைக்கு முகம் வாடிப் போனான். "உடுறா, மச்சம் மாதிரி அழகாத்தான் இருக்குது" என்றேன். இந்த ஊர்ப் பத்திரங்களின் நகலில் பாதியில் அந்த மச்சம் இருக்கும்.

சேமலைக்குப் போன் போட்டேன். "கழுவி மெருகு போட்டனுங்க்கா, அதுல போயிருக்கும்" என்றான். நல்ல வேலைக்காரன். ஆனாலும் தாள் வெறிச்சென்று இருக்கிறது.

23-1, வியாழன்

முகூர்த்த நாள், மூச்சு விட நேரமில்லை. வந்தவர்களிடமெல்லாம் வழக்கம்போல "ரெண்டா எடுத்து வைங்க" என்றேன். ஒன்று கொடுக்க, ஒன்று வைத்துக்கொள்ள. இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் கெட்டுப்போகவில்லை.

27-1, திங்கள்

மூத்ததுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சர்வீஸ் முடிந்த நாளிலிருந்தே லேசாக மங்கல்தான், ஓட ஓடச் சரியாகும் என்று விட்டிருந்தேன். இப்போது காப்பி முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது. நடுவில் ஒரு கோடும் விழுகிறது. பவுடர் சரியில்லையோ என்று வேறு பாக்கெட் பிரித்துப் போட்டேன். அதுவும் அப்படியே. ஒரு பாக்கெட் எத்தனை நாள் வருமோ அதில் பாதி நாள்தான் வருகிறது. கெட்டுப்போன தாள் தனிக் கட்டாகச் சேர்கிறது. எல்லாவற்றையும் மூத்ததின் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.

கோகிலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அத்தை, அந்த நூலை அறுத்துட்டு உள்ள ஒருக்கா பாருங்களேன்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சுமங்கலி வாயில் வருகிற பேச்சா இது? மஞ்சள் நூலை அறுக்கச் சொல்கிறாள். தவிர, பேசிய பேச்சு என்ன, யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது என்பதுதானே? நான் கை வைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு கிழவி திருட்டுத்தனம் செய்தாள் என்று சொல்லலாம். சாவி அவளுக்குத்தானே வரப்போகிறது.

"கம்முனு உன்ற வேலையைப் பாரு" என்றேன்.

போய்விட்டாள்.

30-1, வியாழன்

நியாயத்துக்கு இளையதின் குறையையும் எழுத வேண்டும். அதன் டோனர் டப்பாவில் ஒரு சிப்பு இருக்கிறது. உள்ளே பவுடர் பாக்கி இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று சொல்லி நின்றுகொள்கிறது. குலுக்கிப் போட்டாலும் கேட்பதில்லை. மூத்ததிடம் அந்தத் திமிர் கிடையாது. கரண்ட் கொஞ்சம் இறங்கினாலும் இளையதுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. டப்பா விலையை வைத்துப் பார்த்தால் ஒரு காப்பிக்கு முப்பது பைசா பவுடருக்கே போகிறது. மூத்ததுக்குப் போன வருஷம் வரை பதினைந்து பைசாதான்.

இப்போது மூத்ததுக்கும் முப்பதைத் தாண்டுகிறது. கரண்டையும் கெட்ட தாளையும் சேர்த்தால் இளையதே தேவலை.

மத்தியானம் வக்கீல் குமாஸ்தா அய்யாவு ஒரு பழைய செட்டில்மெண்ட் பத்திரம் கொண்டுவந்தார். மசி மங்கி, தாள் பழுத்துப் போயிருந்தது. இந்த மாதிரித் தாளுக்கென்றே என்னைத் தேடி வருகிறவர் அவர். இளையது மங்கின எழுத்தை விழுங்கிவிட்டது. மூத்ததில் போட்டேன். ஒரே கரி. எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தும் கரிதான்.

அய்யாவு காப்பியையும் பத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். பொழுதோடு திரும்பி வந்து, "தப்பா நெனைக்காதீங்கக்கா, பஸ் ஸ்டாண்டு கடையில எடுத்தனுங், நல்லாவே வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமலே போயிருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டு கடையில் இருப்பதும் என் மூத்ததின் ஜோடிதான். அதே மாடல், சேமலை வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் வரை அங்கே எடுத்தால் காப்பி சாம்பல் பூத்து நடுவில் கோடு விழும். அந்தக் கடைக்காரர் நல்ல பவுடருக்கு மாறிவிட்டார் போல.

4-2, செவ்வாய்

கோகிலா இன்றைக்கு: "சேமலை அண்ணன் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் பொங்கலோட புதுசா ஒரு ட்ரம்மு போட்டுக் குடுத்தாராமுங்கத்தை."

"போட்டா போட்டுக்கட்டும். நமக்கென்ன?"

"இல்லீங்கத்தை, சும்மா சொன்னேன்."

அடுத்தவர் கடை நாயம் பேசுவது என்றால் நாள் முழுக்கப் பேசுவாள்.

5-2, புதன்

செந்தூரன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கடையை மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்தார். இளையதுக்கு வெயில் ஆகாதாம், ஏசி மாட்டப் போகிறானாம். போட்டி முடியவே இல்லை, அதற்குள் ஏசியா என்று கேட்டேன். "எப்படியிருந்தாலும் உங்களுக்கும் குளுகுளுன்னு இருக்குமில்லீங்களாம்மா" என்றான். வந்தவர் கண்ணாடி அலமாரி எத்தனை அடி வரும் என்று கேட்டார். ஏசிக்கும் அலமாரிக்கும் என்ன சம்பந்தமோ. செந்தூரன் எனக்கு ஜிலேபி வாங்கி வந்திருந்தான். ரொம்ப நாள் கழித்து.

11-2, செவ்வாய்

தைப்பூசம். ஆபீஸ் லீவு. பழனிக்கு நடக்கிறவர்கள் வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மோர் கரைத்துக் கொடுத்தோம். மூத்தது நன்றாக ஓட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்தேன். மெஷினுக்காக வேண்டிக்கொள்வது தப்பா என்று தெரியவில்லை.

14-2, வெள்ளி

எனக்கும் புத்தி கொஞ்சம் தடுமாறியது, அதையும் எழுதிவிடுகிறேன். கெட்ட தாள் கட்டில் பாதியை எடுத்து இளையதின் பக்கம் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கட்டைக் கையில் எடுத்தேன். அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். ஜெயித்தாலும் தோற்றாலும் என் கையெழுத்து பொய் சொல்லாது. செந்தூரன் என்னை நம்பித்தானே விட்டான்.

சேமலை வந்து எட்டிப் பார்த்தான். "உள்ள ஏதோ தகராறு, பாக்கறயா" என்றேன். "தம்பி நூல் கட்டியிருக்காருங்க்கா, முடியட்டும்" என்றான். என் தூக்குப்போசியில் பாதிச் சோறு எப்போதும் அவனுக்குத்தான். இன்றைக்கு வேண்டாம் என்றான். வயிறு சரியில்லையாம்.

17-2, திங்கள்

கோகிலா திரும்பவும் அதே பேச்சு. இந்தத் தரம் கையில் கத்தரிக்கோலே வைத்திருந்தாள். "பாவம் வந்தா எனக்கு வரட்டுங்கத்தை, நான் அறுக்கறேன்."

கோலைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

19-2, புதன்

தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

செந்தூரன் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். சேமலையும் இருந்தான். எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தேன். வேகம், இளையது. சுத்தம், இளையது. கரண்ட், இளையது. தாள் வீணாவது குறைவு, இளையது. ஒரு காப்பிக்கு ஆகிற செலவு, எல்லாம் சேர்த்து, இளையதுக்கு நாற்பத்தைந்து பைசா, மூத்ததுக்கு எழுபதுக்குக் கிட்ட. சிப்புத் திமிர் ஒன்றுதான் இளையதின் மேல் குற்றம்.

"மூத்தது தோத்துருச்சு" என்றேன்.

செந்தூரன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உங்களை மாதிரி நேர்மையா ஆரும் எழுத மாட்டாங்கம்மா" என்றான். எத்தனையோ பேர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், என் பிள்ளை வாயால் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சாவியைக் கோகிலாவிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவே இல்லை. செந்தூரன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

மூத்ததைச் சேமலை பழைய சாமான் விலைக்கு எடுத்துக்கொண்டான். நாலு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். சேமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் வருத்தம் இருக்கும்தானே.

20-2, வியாழன்

காலையில் குளித்துச் செருப்பு மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

22-2, சனி

காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். கோகிலாவும் கடைக்குப் போகவில்லை. உள்ளே வெள்ளை அடிக்கிறார்கள் என்று செந்தூரன் சொன்னான்.

24-2, திங்கள்

குமாஸ்தா அய்யாவு வீட்டுக்கு வந்தார். அவர்கள் கோயில் மாசி நோம்பிக்கு நோட்டீஸ் கொடுக்க வந்தவர்.

"என்னங்கக்கா, கடையைப் பூட்டிப் போட்டீங்க? இதுக்குங்கூடப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியதாப் போச்சு."

"வெள்ளை அடிக்கறாங்க" என்றேன்.

அவர் போன பிறகு நோட்டீசைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பெரிய தாளில் ஜெராக்ஸ் போட்டது. வலது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி.

ஏதோ தூசி என்று தட்டினேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, எதிர் வீட்டுக்கு ஒன்று என்று அவர் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் தாளில் சாமி பேருக்கு நேராக. அடுத்ததில் கொஞ்சம் இறங்கி. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கி. கோட்டை விட்டு மட்டும் நகரவில்லை.

பெற்ற பிள்ளையின் மச்சம் தாய்க்குத் தெரியாதா?

இன்றைக்கு வேறெதுவும் எழுதப் போவதில்லை.

25-2, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு கடைக்கு நடந்தே போனேன். கடைக்காரர் எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். நல்ல மனுஷர். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன்.

"இதைக் காப்பி எடுத்துக் குடுங்க, பத்திரத் தாள் அளவுல."

"வெறும் தாளுங்களே?"

"வெறுந்தாள்தான். ரெண்டா எடுங்க."

தொழில் தெரிந்தவர், சிரித்தார். "மெஷினைச் சோதிக்கறீங்களா? சோதிங்க. பொங்கலோட ட்ரம் மாத்துனேன். சேமலை அண்ணன் கொண்டாந்து போட்டுட்டு என்ற பழசை எடுத்துட்டுப் போனாரு. நயமான சரக்கு. ஒரே ஒரு புள்ளி விழுகுது, அதொண்ணும் தொந்தரவில்லைங்."

தொந்தரவில்லை என்றேன் நானும்.

அங்கிருந்து சேமலையின் பட்டறை. மூத்தது வேப்பமரத்தடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. சாக்கை விலக்கினேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. மஞ்சள் நூல் அப்படியே இருந்தது.

"என்னங்க்கா இந்த வெயில்ல? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனே."

"கத்தரி குடு."

"எதுக்குங்க்கா?"

"குடு சேமலை."

அவன் நகரவில்லை. நானே நூலைப் பிடித்து இழுத்தேன். பெரிய கயிறு ஒன்றுமில்லை, இட்லித் துணியில் இழுக்கிற நூல் அளவுதான். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதை அறுக்கத்தான் நான் ஒரு மாசம் பயந்துகொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தேன். உள்ளே இருந்தது என் ட்ரம் இல்லை. ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்து, நடுவில் நகத்தால் கீறின மாதிரி சுற்றிலும் ஒரு கோடு. இத்தனை நாளும் நான் பவுடரை மாற்றி மாற்றிப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்த கோடு.

சேமலை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தம்பிதானுங்க்கா சொன்னாரு. நான் ஆவாதுன்னேன். அம்மா வெறுமனே சொன்னா எந்திரிக்க மாட்டாங்க, தானே தோத்தாத்தான் ஒத்துக்குவாங்க, அவுங்க நல்லதுக்குத்தான்னாரு."

"மாத்துனது போகட்டும். என்ற ட்ரம்மை எடுத்து ஒரு மூலையில வச்சிருந்தாக்கூடச் சரி. வித்துப்போட்டயேடா."

"சும்மா கெடந்தா வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போயிருமேன்னுதானுங்க்கா."

அது உண்மைதான். ட்ரம்மை வெளிச்சத்தில் வைத்தால் கெட்டுப்போகும். நான்தான் அவனுக்கு முதன்முதலில் கறுப்புத் துணி சுற்றி வைக்கச் சொன்னது. அந்த அக்கறை அவனுக்கு ட்ரம்மின் மேல் இருந்திருக்கிறது.

26-2, புதன்

கோகிலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன்.

"நேராச் சொல்லியிருக்கலாமில்ல?"

"மூணு தரம் சொன்னேனுங்கத்தை."

"நூலை அறுன்னு சொன்னே. ஏன்னு சொல்லலையே."

"உங்க பையன் உங்களை ஏமாத்தறாருன்னு நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? என்னையத்தான் திட்டியிருப்பீங்க. சொல்லாமயே திட்டுனீங்க."

அடுத்ததை எடுத்து உரித்தேன். வெங்காயம் காரம் அதிகம்.

கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள். கடையைச் செல்போன் விற்கிறவருக்குக் கைமாற்றிவிட வேண்டும் என்று பொங்கலுக்கு முந்தியே பேசி முடித்தாகிவிட்டதாம். வாடகைப் பத்திரம் செந்தூரன் பேரில்தான் இருக்கிறது. அவன் அப்பா போனதும், படித்தவன் பேரில் இருக்கட்டும் என்று நானே போட்ட கையெழுத்து. வந்து அளந்தவர்தான் அந்தச் செல்போன்காரர். கண்ணாடி அலமாரி இப்போது விளங்குகிறது.

"அப்ப உனக்குக் கடைன்னு சொன்னது?"

"எனக்கேதுங்கத்தை கடை? இளையதைக்கூட வேற ஆருக்கோ பேசிட்டாங்க. என்னையும் ஊட்ல இருன்னுட்டாரு."

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க மாட்டேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். அது அவனுக்குத் தெரியும். எதற்கு எழுந்திருப்பேன் என்பதும் தெரிந்திருக்கிறது. என் எழுத்துக்கு எழுந்திருப்பேன், மஞ்சள் நூலைத் தொட மாட்டேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருப்பதை நினைத்துத்தான் இத்தனை வருஷம் பெருமைப்பட்டேன்.

இன்னொன்று. இளையது நல்ல மெஷின்தான். மூத்தது தன் ட்ரம்மோடு நின்றிருந்தாலும் ஒருவேளை தோற்றிருக்கும். அல்லது ஜெயித்திருக்கும். இனிமேல் அதை யாராலும் சொல்ல முடியாது.

27-2, வியாழன்

செந்தூரன் காலை பலகாரத்துக்கு உட்கார்ந்தான். கோகிலா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் எடுத்த காப்பியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"பாரு."

இடது கையால் எடுத்தான். மோதிரம் வலது கையில், சட்னியில் இருந்தது. தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எனக்கு அவன் சண்டை போட வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், கடையைத் திருப்பித் தர வேண்டாம். மச்சம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. கோகிலா தோசையைத் திருப்பாமல் நின்றாள்.

"வெறுந்தாளுங்கம்மா" என்றான்.

தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தான். அப்போதுதான் பார்த்தேன். தூக்கிப் பிடித்தபோது எங்கெங்கோ இருந்த பெருவிரல், இப்போது வலது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, சரியாக அந்தப் புள்ளியின் மேல் இருந்தது. சாப்பிட்டு முடிகிறவரை அவன் அதை எடுக்கவே இல்லை. ஒரு கையாலேயே தோசையைப் பிய்த்தான்.

விரலை எடு என்று நான் சொல்லவில்லை.

கை கழுவப் போகும்போது தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெறுந்தாளை யாரும் அப்படி மடித்து வைத்துக்கொள்வதில்லை. "வர்றேம்மா" என்றான். போய்ட்டு வா சாமி என்றுதான் வாயில் வந்தது, பழக்கம்.

இரண்டாவது காப்பி என்னிடம் இருக்கிறது. சோறு தொட்டு இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.